மச்சானின் முடியும் கம்ப்யூட்டரின் பிடிவாதமும்

பஸ் டிப்போவில், தொலைந்த பொருள் பிரிவின் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சரிசமம். கேட்பதும் இருப்பதும் அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் பொருள் உண்டு என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கருநீலக் குடையைத் தொலைத்தவர் ‘கறுப்பு’ என்று சொல்லிவிட்டால் போச்சு. குடை கண்ணெதிரே தொங்கினாலும் திரை கையை விரித்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். "உப்பு ஏறக்குறைய சரியா இருக்கா?" என்று மனைவி கேட்டால், "எவ்வளவு ஏற, எவ்வளவு குறைய?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஒருநாள் காலை மனைவியின் அண்ணன் தலையில் துண்டோடு டிப்போவுக்குள் நுழைந்தார். முந்தின நாள் பஸ்ஸில் புழுக்கம் தாங்காமல் விக்கைக் கழற்றி மடியில் வைத்தவர், தூங்கி எழுந்து அவசரமாக இறங்கிவிட்டார். மாதக்கணக்கில் போனில் பேசிவந்த பெண்மணியை அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்.

"மாப்ளே, நான் அனுப்பின போட்டோவுல முடி இருக்கு. இப்படியே போய் நின்னா, எங்கப்பா வந்திருக்காருன்னு நினைச்சுக்குவாங்க!"

"பொருளோட விவரம் சொல்லுங்க மச்சான்."

"விக்கு. கன்னங்கரேல்னு இருக்கும். புத்தம் புதுசு."

தட்டினார். இல்லை.

சரிசமம் சில வாரங்களாகவே இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வைத்தியம் பார்த்துவந்தார். பழைய அட்டவணைகளைக் கலைக்காமல், பக்கத்திலேயே புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். எந்த நிறம் எந்த நிறத்துக்குச் சொந்தம், எந்தப் பொருள் எதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று தூரம் குறித்த அட்டவணை அது. கிட்டத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டர் முதலில் காட்டும். முதல் சோதனையில் தூரத்தைத் தாராளமாக விட்டதில், குடை கேட்டதற்கு ஊன்றுகோல், புல்லாங்குழல், திரைச்சீலைக் கம்பி எல்லாம் வரிசை கட்டி வந்தன. பிறகு இறுக்கிவிட்டார்.

இன்று அதைத் திறந்தார். இரண்டு தொப்பிகள் வந்தன. மச்சான் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

சரிசமம் தன் மனைவிக்குப் போன் போட்டார்.

"அண்ணன் சொன்னதை அப்படியேவா போட்டீங்க? அந்த விக்கு நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்குங்க! அவர் பேச்சுல பாதியைக் கழிச்சுட்டுத் தேடுங்க."

சரிசமத்துக்குப் பொறி தட்டியது. தொலைத்தவன் கிழிந்த பையையும் புதுசு என்பான். எடுத்துவைக்கிறவர் புதுப் பையையும் பழசு என்றுதான் பதிவார். ஊர் உலகத்தில் எல்லாரும் இப்படித்தான். தொலைத்தவரின் ‘புதுசை’யும் கிடங்கின் ‘பழசை’யும் ஒட்டி உட்காரவைத்தார். கறுப்புக்குப் பக்கத்தில் சாம்பலுக்கு இடம் கொடுத்தார். முடி, ரோமம் உள்ளதெல்லாம் ஒரே குடும்பம் என்றார்.

முதல் வரியில் வந்து நின்றது: பொம்மை, ரோமம், சாம்பல், மிகப் பழசு.

கிடங்கு அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிவந்தார். "செத்த பூனையோன்னு பயந்துட்டேன் தம்பி. அப்புறம்தான் பொம்மைன்னு போட்டேன்."

"என் முடிக்கு இவ்வளவு மரியாதையா?" என்று மச்சான் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு பறந்தார்.

அன்றிரவு சாப்பாட்டு நேரத்துக்குத் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தவரின் தலை பளபளத்தது, முகம் அதைவிட.

"அவங்க போட்டோ பத்து வருஷம் பழசாம் மாப்ளே! அவங்களே சொல்லிச் சிரிச்சாங்க. நானும் கழட்டிட்டேன். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க."

"அந்தப் பூனை எங்கண்ணே?" என்றாள் தங்கை.

மச்சான் சட்டைப் பையைத் தடவினார். "பஸ்ல வந்தேன்ல..."

"தேடட்டுமா மச்சான்?"

"விடுங்க மாப்ளே. அங்கேயே இருக்கட்டும்."

மனைவி குழம்பை ஊற்றினாள். "உப்பு எப்படிங்க இருக்கு?"

"ஏறக்குறைய சரி" என்றார் சரிசமம்.