காதில் விழுந்த வாசகம்

ஜொகூர் பாரு பக்கத்தில் மாசாயில் எங்கள் தேவாலயத்தில் சனிக்கிழமை மாலையில் தமிழ்ப் பூசை. வழக்கமாக முதல் வாசகம் வாசிக்கும் பெண் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். அன்று அவர் திரும்பி வரும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். பூசை தொடங்கப்போகிற நேரத்தில், வாசகர்களைக் கவனித்துக்கொள்ளும் அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“உங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும்தானே?”

“வரும்க்கா. ஆனா மெதுவாத்தான்.”

“தாக் அப்பா லா, பரவால்ல. வாசிச்சா போதும்.”

நான் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா சொல்லிக் கொடுத்தது. நாற்பது வயதைத் தாண்டியும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் அந்தக் கொஞ்சமும் மறந்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்துக்கொண்டு போனேன். ‘உடன்படிக்கை’ என்ற இடத்தில் இரண்டு முறை தடுக்கி, மூன்றாவது முறை தாண்டினேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. இடத்துக்குத் திரும்பிய பிறகு பூசையில் நடந்த எதுவும் மனதில் ஏறவில்லை.

முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடலாம் என்று வெளியே விரைந்தேன்.

“தங்கச்சி! நில்லுங்க!”

எப்போதும் வலது ஓரத்தில் மனைவியோடு உட்காரும் ஒருவர். அதுவரை அவரோடு பேசியதில்லை. பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் பேசினார். “நீங்கதானே வாசிச்சீங்க? நல்லா இருந்துச்சும்மா. ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்துச்சு.”

“கிண்டல் பண்றீங்களாண்ணே?”

அவர் காதில் கையைக் குவித்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சொன்னார்: “கப்பல் கட்டுற ஷிப்யார்டுல இரும்பு தேய்ச்சுத் தேய்ச்சு, அந்தச் சத்தத்துல இவருக்குக் காது போச்சும்மா. மத்தவங்க வாசிக்கிறது வேகமா ஓடிடும். என்னா சொன்னாங்கன்னு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. இன்னைக்குத்தான் முன்னால பாத்து உக்காந்திருந்தாரு.”

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். விழுந்தவர்களிடம் நாமும்தானே ஏதாவது இதமாகச் சொல்கிறோம்.

அடுத்த மாதம் அந்த அக்கா மறுபடியும் கேட்டார். ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், அந்த உரத்த குரல்தான் காரணம். இந்த முறை வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகினேன். எங்கும் தடுக்காமல், மற்றவர்களைப் போலவே சரளமாக வாசித்துவிட்டு இறங்கினேன். “சூப்பர்!” என்றார் அக்கா. வெளியே நானே அந்த அண்ணனைத் தேடிப் போனேன்.

அவர் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. இன்னைக்கு வேகமா ஓட்டிட்டீங்க. எனக்கு ஒண்ணும் புடிபடல.”

மனைவி அவரை இடித்தார். எனக்கோ சிரிப்பு பொங்கியது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு வந்த சந்தோஷம் அது. முதல் நாள் அவர் சொன்னது ஆறுதல் அல்ல, உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது.

பாராட்டு எனக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் வருடா வருடம் நல்ல பெயர் வாங்குகிறேன். குடும்ப வாட்ஸாப்பில் கட்டைவிரல் படங்கள் வந்து குவியும். எதுவும் என்னை மறுநாள் இன்னொரு காரியத்துக்குத் தூக்கிவிட்டதில்லை. இவர் என்னைப் பாராட்டவே இல்லை என்றுகூடத் தோன்றுகிறது. தனக்குக் கிடைத்ததைத்தான் வந்து சொன்னார். என் குறை என்று நான் வெட்கப்பட்டதுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை வாசிக்கிறேன், என் வேகத்தில்.

அண்மையில் எங்கள் தொழிற்சாலை லைனில் நேப்பாளத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். யாரோடும் பேசமாட்டாள், சாப்பாட்டு நேரத்திலும் தனியாகத்தான் இருப்பாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்ல ஆசைப்பட்டேன். ‘நல்லா செய்றே’ என்று பொதுவாகச் சொல்ல மனம் வரவில்லை. சில நாள் அவள் வேலையைக் கவனித்தேன். ஒவ்வொரு பெட்டியையும் லேபிள் மேலே தெரியும்படி திருப்பித்தான் அனுப்புவாள். அடுத்து நிற்கிறவர் அதைத் திருப்ப வேண்டியதில்லை. யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.

அதை அவளுக்குப் புரியும்படி எளிய மலாயில் சொன்னேன். அவள் கை நின்றது.

“அக்கா அதைப் பாத்தீங்களா?” என்று அரைகுறை மலாயில் கேட்டாள்.

“பாத்தேன்,” என்றேன்.