ஏழாம் விதியும் ஒரு கறுப்பு நாயும்

சோதனைக்குப் போகும் கடையில் தேநீர் குடிப்பதில்லை என்று நானே எனக்கொரு விதி போட்டிருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உணவுக்கடைகளைப் பார்வையிடும் சுகாதார அதிகாரியாக வேலை பார்த்தேன். ஒரு வாய் தேநீர் உள்ளே போய்விட்டால் அடுக்களையின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க மனம் வராது. நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ்க் கடைகள் இருக்கும் சான்ட்ரிங்ஹாம் சாலையில் நான் காரை நிறுத்தும்போதே யாராவது தேநீருக்குக் கெட்டிலைப் போட்டுவிடுவார்கள். சட்டைப் பையில் வெப்பமானியோடு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, நான் நேரே குளிர்பெட்டியைத் திறப்பேன்.

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவன் நான். விதி என்று ஒன்று எழுதியிருந்தால் எனக்கு நிம்மதி. "உங்களுக்குச் சோறு வேணாம், ஒரு ரூல் புக் இருந்தா போதும்" என்பாள் என் மனைவி. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அலுவலகம் கடைக்காரர்களுக்கு ஓர் ஆங்கிலக் கையேடு கொடுத்திருந்தது. தலையணை கனம். யாரும் படிக்கவில்லை. ஒரு கடையில் அதை ஆட்டம் காணும் கிரைண்டரின் காலுக்கு அண்டக் கொடுத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து, தமிழ்க் கடைகளுக்கென்று பத்தே பத்து விதிகளை ஒரே பக்கத்தில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

ஏழாவது விதி இது: "நாய், பூனை முதலிய எந்தப் பிராணியும் கடைக்குள் வரக்கூடாது."

கையேட்டில் அந்த விதிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பார்வையற்றவரை வழிநடத்தும் நாய்க்கு இது பொருந்தாது என்றது அந்த வரி. அதை நான் விட்டுவிட்டேன். கண் தெரியாத ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நம் தோசைக்கடைக்கு எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த நாய்களெல்லாம் குரைத்தன, தூங்கின. உத்தியோகம் பார்க்கும் நாய் என் கணக்கிலேயே இல்லை. தவிர, இரண்டாவது பக்கத்துக்குப் போனால் நம்மவர்கள் படிக்கமாட்டார்கள்.

முத்திரை இல்லாத காகிதத்தை நம்மவர்கள் மதிக்கவும் மாட்டார்கள். இந்த நாட்டிலோ எல்லாம் கையெழுத்தோடு சரி. எனவே தபால் மேசையில், வரும் கடிதங்களில் குத்தும் "பெறப்பட்டது" என்ற ஆங்கில ரப்பர் முத்திரையை எடுத்து, எல்லாப் பிரதிகளிலும் பளிச்சென்று குத்திவிட்டேன். வட்டமாக, ஊதா நிறத்தில், பார்க்க அசல் அரசாங்கம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை ஒரு கடைக்காரரும் கேட்டதில்லை.

அந்தத் தாளை மற்றவர்கள் எல்லாரையும்விடப் பக்தியோடு ஏற்றுக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். அவரும் மனைவியும் சேர்ந்து சிறிய தோசைக்கடை நடத்தினார்கள். அவர்களுடைய வதிவிட விசா அப்போது முடிவாகவில்லை. அரசாங்கத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் பயந்து நாலு தடவை படிப்பார்கள். என் தாளை லேமினேட் செய்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சந்தனப்பொட்டு வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இனி, தொலைபேசி. எங்கள் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளையெல்லாம் இணைத்துக் கொடுத்தவர் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப்பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. குரலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார். "சார், உங்களுக்கு ஒரு கோபக்காரர். மூச்சு வாங்குது. ரெண்டு நிமிஷம் காக்க வைக்கட்டுமா?" என்று தமிழில் கேட்பார். அந்த இரண்டு நிமிடத்தில் எத்தனையோ சண்டைகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன.

அவருடைய அண்ணன் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். மங்கரே புறநகரில் இருவருக்கும் ஒரே வீடு. காலையும் மாலையும் தங்கையைக் காரில் கொண்டுவந்து விட்டு, கூட்டிப் போவார். கெட்டவர் அல்ல, பயந்தவர். அந்த வருடம் தங்கைக்கு ஒரு வழிகாட்டி நாய் கிடைத்தது. கறுப்பு லாப்ரடார். உடனே தங்கை மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தார். அண்ணன் குதித்தார். கடைசியில் ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த மாதத்தில் ஒரே ஒரு தடவை அண்ணனுக்குப் போன் பண்ணினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மங்கரேக்குத் திரும்பிவிட வேண்டும். இது அண்ணன் போட்ட நிபந்தனை. அலுவலகம் முழுக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை காலை என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"சார், உங்களுக்கு ஒரு கோபக்காரர்."

"யாரு?"

"நான்தான். ஏழாவது விதி எழுதினது நீங்கதானே?"

சனிக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொன்னார். மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து அரைமணி நேரம் நாயோடு நடந்து, வழி தப்பாமல் தோசைக்கடைக்கு வந்திருக்கிறார். கடைக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"சட்டம் எனக்குத் தெரியும், இந்த நாய் வரலாம்னு சொன்னேன். அவர் பாவம், செவுத்துலேர்ந்து உங்க பேப்பரக் கழட்டிட்டு வந்து பத்து விதியையும் படிச்சுக் காட்டினார். லேமினேட் பண்ணின பேப்பர் நடுங்குனா ஒரு தனிச் சத்தம் வரும், தெரியுமா? வெளிய நாற்காலி போட்டு தோசை தரேன்னார். ரோட்டுல உக்காந்து சாப்பிட நான் வரலன்னு சொல்லிட்டேன். மழை வேற. மூணாவது விதி, கை கழுவுறது, அது நல்லா எழுதியிருக்கீங்க சார்."

அண்ணனுக்கு அவர் போன் பண்ணவில்லை. ஆனால் எதிர்ப்பக்க மளிகைக்கடையில் நின்ற அண்ணனின் சிநேகிதர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையே அண்ணன் வந்து நின்றார். ஒரு தோசைக்கடைக்குள்ளேயே விடவில்லை, இந்த ஊரில் தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்டார். வருகிற சனிக்கிழமையோடு மாதம் முடிகிறது. அன்று மத்தியானம் அதே கடைக்குள் நாயோடு உட்கார்ந்து தங்கை சாப்பிடுவதை அண்ணன் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி காரில் ஏறிவிடும்.

நான் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "விதின்னா விதிதானே" என்றேன். "கையேட்டுலயும் அப்படித்தான் இருக்கா சார்?" என்று கேட்டார். கையேட்டை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அந்த வரி அங்கேயேதான் இருந்தது. என் கண்ணில் படாமல் போய்விட்டது என்று சொல்ல வாய் துறுதுறுத்தது.

"தெரிஞ்சேதான் விட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். எதையும் பாக்காம விடுற ஆள் இல்ல நீங்க" என்றார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

அன்று மாலையே கடைக்குப் போனேன். நாயை உள்ளே விடலாம், விடத்தான் வேண்டும், தவறு என்னுடையது என்று கடைக்காரரிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும், அண்ணை. ஆனா வாயால சொன்னதை நான் சுவரில மாட்டேலாதே."

"இத எழுதினதே நான்தான்."

"ஓம். அதுதான் சொல்லுறன். இதில சீல் இருக்கு. நாளைக்கு உங்களுக்குப் பதிலா வேற ஒராள் வந்து கேட்டா நான் எதைக் காட்டுறது?"

எனக்குக் கோபம் வந்தது. நான் எழுதிய தாளை நானே மீற முடியவில்லை. அப்போது அவருடைய மனைவி கல்லிலிருந்து தோசையை எடுத்தபடியே, "கோவிக்காதேங்கோ அண்ணை. எங்கட விசா அலுவல் இன்னும் முடியேல்லை. அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினதில இருந்து இவர் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடவும் இல்லை" என்றார். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது.

மறுநாள் என் மேலதிகாரியிடம் போய் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். இந்த ஊரிலேயே பிறந்த வெள்ளைக்காரர் அவர். முத்திரைக் கதையைக் கேட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண் மழையிலா நின்றார் என்று கேட்டார். பிறகு அவர் சிரிக்கவில்லை. அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் திருத்தி எழுதி, இந்த வாரத்துக்குள் எல்லாக் கடைக்கும் கொடுக்கச் சொன்னார். தன் கையெழுத்தையும் போட்டார். முத்திரை வேண்டுமா என்று தயங்கிக் கேட்டேன். குத்தித் தொலை என்றார்.

புதிய ஏழாம் விதி இப்படி இருந்தது: "நாய், பூனை முதலியவை கடைக்குள் வரக்கூடாது. ஆனால் பார்வையற்றவரை வழிநடத்தும் நாய் வரலாம். அதைத் தடுப்பவர் யாராக இருந்தாலும் சட்டப்படி தவறு செய்கிறார். வேலையில் இருக்கும் அந்த நாயைத் தொடக்கூடாது, அதற்குத் தின்னக் கொடுக்கக்கூடாது. முந்தைய தாளில் இதை எழுதாமல் விட்டது என் பிழை." தாள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நானே வந்து அவரைக் கடைக்குள் கூட்டிப் போவதாகச் சொன்னேன்.

"வேணாம் சார். நீங்க கையப் புடிச்சு உள்ள கொண்டுபோனா, அதுக்கு எங்கண்ணன் காரே பரவாயில்லையே" என்றார். பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க மட்டும் அனுமதி கொடுத்தார்.

அன்று மத்தியானம் மூலை மேசையில் உட்கார்ந்து ஒரு மசால் தோசை சொன்னேன். கூடவே ஒரு தேநீரும். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புதிய தாள் அதற்குள் லேமினேட் ஆகி, சந்தனப்பொட்டோடு பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. வாசலிலிருந்து ஜன்னலோர மேசை வரைக்கும் நாற்காலிகளை ஒதுக்கி வழி செய்து வைத்திருந்தார்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. முதலில் கறுப்பு மூக்கு வந்தது, பிறகு நாய், அதன் முதுகுப்பட்டையின் கைப்பிடியைப் பிடித்தபடி தொலைபேசிக்காரர். தலையில் மழைத்தூறல்.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ. நேர வாங்கோ" என்றார் கடைக்காரர். ஜன்னலோர நாற்காலியை இழுத்து வைத்தார். "அண்டைக்கு நான் செய்தது பிழை."

"பேப்பர்ல இருந்ததத்தானே செஞ்சீங்க, அண்ணே" என்றார் அவர்.

நாய் மேசைக்கு அடியில் போய்ப் படுத்து, அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் தாடையை வைத்துக்கொண்டது. "அவருக்குக் கொஞ்சம் தண்ணி வைக்கட்டோ?" என்று கடைக்காரர் நாயைப் பார்த்துக் கேட்டார். மனைவிக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு இருக்க விட்டுப் பழக்கமில்லாதவர், பாதி வடையை மறைத்து எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார். கணவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஏழு" என்றார். மனைவி அந்த வடையைத் தானே தின்றுகொண்டு திரும்பிப் போனார்.

தோசை மேசைக்கு வந்த நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தார். அலுவலக வாசலில் பலமுறை பார்த்த முகம், எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது. அண்ணன் கையில் கார்ச் சாவியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்று, மேசைக்கு அடியில் பார்த்தார்.

"நாய உள்ளேயே விட்டுட்டாங்களா?" என்றார். வியப்பில் சொன்னாரா, எரிச்சலில் சொன்னாரா, தெரியவில்லை. குரல் மட்டும் பெரிது.

கடைக்காரர் துண்டில் கையைத் துடைத்தார். பிள்ளையார் பக்கத்திலிருந்து தாளைக் கழற்றினார். வாசலுக்குப் போய் அண்ணனுக்கு முன்னால் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார். "'அதைத் தடுப்பவர் யாராக இருந்தாலும் சட்டப்படி தவறு செய்கிறார்.' சீல் இருக்கு, இஞ்ச பாருங்கோ. உங்களுக்கு விருப்பமில்லை எண்டா நீங்கள் வெளியில நில்லுங்கோ அண்ணை. நாற்காலி போட்டுத் தாறன். தங்கச்சி உள்ளுக்குத்தான் இருப்பா."

"நான் அவ அண்ணன்."

"அண்ணன் எண்டாலும் அதேதான்."

முதலில் சிரித்தது தங்கை. பிறகு கடையே சிரித்தது. அண்ணன் அசட்டுச் சிரிப்போடு வழியை விட்டு, நாயின் வாலை மிதித்துவிடாமல் சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் இரண்டு தோசை சாப்பிட்டார். நான் தேநீரை மடக்கென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

எழுந்தபோது அண்ணன் பழக்கதோஷத்தில் சாவியை ஆட்டினார். "வா, வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

"நாங்க நடந்தே போறோம்."

"சரி. போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு."

"போன் பண்ணினா பெட்டியக் கட்டணும்னு நீதானே சொன்ன."

அண்ணன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். தங்கையும் நாயும் சான்ட்ரிங்ஹாம் சாலையின் நடைபாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நானே பண்றேன்" என்று பின்னாலிருந்து உரக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஓர் அழைப்பை இணைப்பதற்கு முன்னால் தொலைபேசிக்காரர் மிச்சத்தைச் சொன்னார். "கடைக்காரர் எங்கண்ணன்கிட்ட பேப்பரப் படிச்சுக் காட்டினாரே, மொத தடவ வந்த அந்த நடுங்குற சத்தம் சனிக்கிழமை வரல சார், கவனிச்சீங்களா?" என்றார். வீட்டுப் படி ஏறும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்ததாம். அவர் அவசரப்படவில்லை. கதவைத் திறந்து, நாயின் பட்டையைக் கழற்றி, அதற்குத் தண்ணீர் வைத்து, நனைந்த கோட்டை மாட்டிவிட்டு, அப்புறம்தான் எடுத்தாராம்.