காதுகுத்தில் கணினி இசை

கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த நான், நாற்பதைத் தாண்டிய வயதில், வேலையை விட்டுவிட்டுக் கணினியை இசையமைக்கவும் படம் வரையவும் வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்க அப்பாகிட்ட யாரு சொல்றது?"

யாரும் சொல்லவில்லை. அலங்காநல்லூரில் விவசாயம் பார்க்கும் மாமனாரைப் பொறுத்தவரை நான் நீண்ட விடுப்பில் இருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட, "நம்ம மாப்ள காலேஜ்ல கணக்கு புரொபசரு" என்று சொன்ன பிறகுதான் அவர் டிக்கெட் எடுப்பார். அந்தப் பெருமையில் கைவைக்க எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை.

'விடுப்பில்' நான் செய்த கலைச்சேவையைச் சொல்ல வேண்டும். பகா எண்களை வைத்து நிரல் எழுதி, கணினி வரைந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். கீழ்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சுவத்துல ஓதம் ஏறியிருக்கு சார், மொட்டமாடிய ஒரு தடவ பாத்துருங்க" என்றார். படத்தை விட்டு இசைக்குத் தாவினேன். ஒருமுறை வந்த ஸ்வர வரிசை மறுபடி வராதபடி இசைக்கும் ஒரு நிரலை எழுதினேன். மறுபடி வராது என்பதை என்னால் நிரூபிக்கவும் முடியும். கேட்க நன்றாக இருக்கிறதா என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. மண்டபத்தில் என் இசையை ஓடவிடுவது, சனம் சொக்கிப்போய் நிற்கும்போது மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. இதுதான் திட்டம். இப்படித் திட்டம் போட்ட ஆளிடம் தர்க்கம் படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மடிக்கணினியை, வாடகைக்கு வந்திருந்த ரேடியோ செட்டின் ஸ்பீக்கரோடு இணைத்து ஓடவிட்டேன். "பாட்டு எப்பப் போடுவாக?" என்று ஒரு பெண் கேட்டாள். செட்டுக்காரர் ஓடிவந்து ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்தார்.

"எங்கயோ லூஸ் கனெக்சன்ணே. இந்தா சரி பண்ணிர்றேன்."

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "விசேச வீட்டுக்கு ஓட்ட செட்டயா கொண்டாருவ?"

செட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. என் மனைவியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"செட்டு நல்லாத்தாம்ப்பா இருக்கு. இது இவரு பண்ணுன பாட்டு. காலேஜ் வேலைய விட்டுட்டு இதத்தான் பண்ணிக்கிட்டு இருக்காரு."

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நிற்க வேறு இடமில்லாமல் அல்ல.

மாமனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் பந்தி முடிந்தது, அடுத்த பந்தியும் முடிந்தது. கறிச்சோற்று வாசனை மண்டபத்தைத் தூக்கியது. அவர் அசையவில்லை. இனி மாமனார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றே முடிவுகட்டிவிட்டேன். மனைவி என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

"மாமா, சாப்பிட வாங்க."

"இருங்க மாப்ள, முடியட்டும். வேலைய விட்டுட்டுப் பண்ணிருக்கீக. பாதியில எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

"இதுக்கு முடிவே கிடையாது மாமா. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்களா பாத்து நிப்பாட்டுங்க மாப்ள. பசி உசுரு போகுது."

மடிக்கணினியை மூடினேன். மாமனார் எழுந்து நின்று, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே கை தட்டினார். என்னைப் பார்த்து அல்ல, ஸ்பீக்கரைப் பார்த்து. இத்தனை வருட வகுப்பில், மணி அடித்த பிறகும் எனக்காக உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை.