ஜிம்மின் முப்பாட்டனும் பெயரில்லாத பன்னிரண்டு பேரும்

இன்று காலை பக்கத்து வீட்டு ஜிம் ஒரு பழைய புகைப்படத்தோடு வந்து கதவைத் தட்டினார்.

ரிட்டயர் ஆனதிலிருந்து தன் வம்சத்தைத் தோண்டுவதுதான் அவருக்கு வேலை. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் சுரங்கத் தொழிலாளியாக இருந்த அவருடைய முப்பாட்டன், தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கப்பலேறியவர். அது சான் ஹோசேயில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

முப்பாட்டனின் தம்பி மகன் மட்டும் வேறு பக்கம் போயிருக்கிறாராம். கோலார் எங்கே இருக்கிறது தெரியுமா என்று ஜிம் கேட்டார்.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் நான் பிறந்த ஊர். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்கள் இறங்கிய தங்கச் சுரங்கம்.

படத்தில் அந்தத் தம்பி மகனும் இன்னொரு வெள்ளைக்காரரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே அவர்கள் பெயர் முழுசாக இருந்தது. பின்னால் முண்டாசு கட்டி, வெறுங்காலோடு பன்னிரண்டு பேர். அவர்களுக்கு "மற்றும் கூலிகள்" என்று மட்டும் போட்டிருந்தது.

உடனே படத்தை ஊரிலிருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"இதுல உங்க தாத்தா இருக்காராப்பா?"

"அவர் மூஞ்சிய நானே பாத்ததில்லயேம்மா. போட்டோவும் கிடையாது."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார் போலிருக்கிறது.

"லெஃப்ட்ல மூணாவதா ஒருத்தர் கேமராவ பாக்காம நிக்கிறாரு பாரு. அவர வச்சுக்கோ. எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

வைத்துக்கொண்டேன். பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியாயிற்று.

கே.ஜி.எஃப். மக்களே, மீதிப் பதினொரு பேர் இருக்கிறார்கள். தாத்தா வேண்டியவர்கள் கமென்டில் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன். இடமிருந்து மூன்றாவது ஆளை மட்டும் கேட்காதீர்கள்.