எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்வி

புளித்த காடியும் ஈரத் துணியும் கலந்தாற்போன்ற ஒரு வாடை. பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், இருட்டறையிலிருந்து கொண்டுவந்து கொடியில் தொங்கவிட்ட எக்ஸ்ரே படங்களிலிருந்து சொட்டிய தண்ணீரின் வாடை அது. எனக்குப் பத்து வயது. அக்காவின் தாவணியிலிருந்து கழற்றிய ஊக்குகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு துணித் திரைக்கு இப்பால் நின்றிருந்தேன்.

ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்த அக்காவுக்கு இடுப்பில் தாங்க முடியாத வலி. தையில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊர் மேனாம்பேடு. எக்ஸ்ரே என்றால் என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சுடுமா, ஊசி போடுவார்களா என்று அம்மா கேட்டதற்கு, "உள்ள அனுப்பும்மா, நேரமாவுது" என்பதுதான் பதில். ஊக்கை ஏன் கழற்ற வேண்டும், ஜில்லென்ற மேசையில் ஏன் ஆடாமல் படுக்க வேண்டும், படமெடுப்பவர் மட்டும் ஏன் சுவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், எதற்கும் விளக்கமில்லை. ஊக்கைக் கழற்றச் சொன்ன அதே குரலில்தான் அந்த ஆள் கேட்டார்: "முழுகாம கீறியாம்மா?"

வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்தக் கதிர் பிள்ளைக்கு ஆகாது என்பதால், மணமானவளோ ஆகாதவளோ, அந்த வயதுப் பெண்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அக்கா அழுதுவிட்டாள்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்று சாயங்காலம், என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாத பக்கத்து வீட்டுப் பையன் டில்லியிடம், பெரிய சேதி தெரிந்தவன்போல், "எங்க அக்காவ இன்னா கேட்டாங்க தெரியுமாடா?" என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். அர்த்தம் புரியாமல் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், புரிந்துதான் சொன்னேன்.

டில்லியின் அம்மா வாய்க்குப் போனபோது கேள்வி பதிலாகிவிட்டது: "கல்யாணப் பொண்ணு முழுகாம கீதாம், படம் புட்ச்சே பாத்துட்டாங்களாம்."

பேச்சு மேனாம்பேடுவரை எட்டி, மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா இரண்டு உறவுக்காரப் பெண்களோடு வந்து நடுவீட்டில் நின்றார். "அந்தப் படத்தக் குடு, நாங்களே பாத்துக்கிறோம்." அக்காவின் இடுப்பெலும்பை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இது இன்னா வெள்ளையா கீது?" "ஐய, அது எலும்புக்கா!" என்று மூவரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் "ஒரு மண்ணும் இல்ல" என்று சிரித்துவிட்டு, காபி குடித்துப் போனார்கள். அக்கா சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் சின்ன விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகலாம், வலி அடங்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "செத்தாலும் அங்க வரமாட்டேன்" என்றாள் அக்கா. யார் கெஞ்சியும் கேட்கவில்லை. விரிசல் இருந்திருக்கிறது. எலும்பு கோணலாகக் கூடி, இடது கால் குட்டையாகிவிட்டது. படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அந்த மாமியாரே சாகும்வரை அவளை "நொண்டி" என்றுதான் கூப்பிட்டார்.

போன மாதம், இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், அக்காவை அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனேன். அந்த வாடை இல்லை, கொடி இல்லை, படம்கூட இல்லை, எல்லாம் போனுக்கு வந்துவிடுகிறதாம். அந்தக் கேள்வி இப்போது சுவரில் பலகையாகத் தொங்குகிறது. ஏன் கேட்கிறோம் என்ற விளக்கம் மட்டும் இன்றும் இல்லை.

அக்காவின் காலை உட்புறமாகத் திருப்பிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று, படமெடுக்கும் பெண் எனக்கு ஈயக் கவசம் மாட்டி உள்ளே நிறுத்தினாள். மேசையில் படுத்தபடி அக்கா பழைய கதையை அவளிடம் சிரிப்பும் கசப்புமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எந்தக் கஸ்மாலம் வெளிய போய் சொல்லிச்சோ, இன்னி வரைக்கும் தெரியலம்மா."

"நான்தான்க்கா" என்றேன்.

அக்கா தலையைத் தூக்கப் பார்த்தாள். "பாட்டி, ஆடாதீங்க" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தாள். அவள் பாதம் என் கையில் இருந்தது.

"ஆச்சு, எறங்கலாம்" என்று அந்தப் பெண் வந்தாள். நான் கையை நீட்டினேன். அக்கா அவள் பக்கம் திரும்பி, "நீ கையக் குடும்மா" என்றாள்.