பத்து முறை ‘தெரியுது’

சித்திரைப் பௌர்ணமியன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கிரிவலம் தொடங்கினேன். செங்கம் சாலையில் தார் கொதித்தது. என்னைப் போல வெறுங்காலோடு வந்தவர்கள் நிழலுக்கு நிழல் ஓடினார்கள். எனக்குச் சுடவே இல்லை. கீழ்பென்னாத்தூரில் வீடு திரும்பியதும் நாட்குறிப்பில் எழுதினேன்: “நூற்றுப் பன்னிரண்டாவது பௌர்ணமி. விடுபடவில்லை. கால் சுடவில்லை, அவன் அருள்.”

நான்காம் நாள் காலை, பாயில் இருந்த ஈரக்கறையை மனைவி காட்டினாள். வலது பாதத்தின் அடியில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. வலி இல்லை.

“சர்க்கரை எத்தனை வருஷமா?” என்று திருவண்ணாமலையில் டாக்டர் கேட்டார்.

“பதினாலு வருஷம், ரெண்டு மாசம்.”

“கணக்கெல்லாம் கரெக்டா வச்சிருக்கீங்க. காலத்தான் பாக்கல.”

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மகள் செல்வி வேலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைதான் அவளைப் படிக்க வைக்கிறது. இடையில் நின்றால் மீண்டும் கிடைக்காது. விடுப்பெடுத்து வந்தவள், கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்:

“நான் படிப்ப விட்டுடறேம்பா.”

“ஏம்மா?”

“மாசி மாசம் உன் கால நான்தான டெஸ்ட் பண்ணேன்? உணர்ச்சி நார்மல்னு நோட்டுல எழுதினேன். அப்பா காலயே பாக்கத் தெரியல. ஸ்காலர்ஷிப் வேற யாராச்சும் நல்லா படிக்கிறவளுக்குப் போவட்டும்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்த டெஸ்ட் கல்லூரியில் கொடுத்த பயிற்சி. மோனோஃபிலமென்ட் (மெல்லிய நைலான் இழை) கொண்டு பாதத்தில் பத்து இடங்களைத் தொடுவாள். கண்ணை மூடியிருப்பவர், தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். எனக்கு முதல் தொடுதலே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் வெறுங்காலோடு நடக்க விடமாட்டாள், என் பௌர்ணமிக் கணக்கு அறுந்துவிடும். இமையை லேசாகத் திறந்து, அவள் கையைப் பார்த்துப் பார்த்துப் பத்து முறையும் “தெரியுது” என்றேன். எல்லாவற்றையும் எழுதிவைக்கும் நான் இதை மட்டும் எழுதவில்லை.

இரண்டு நாள் மறைத்தேன். இரண்டு நாளும் அவள்தான் என் அருகில் இருந்தாள். மூன்றாம் நாள், அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தை மடித்துக்கொண்டு, “தபாலாபீஸ் போயிட்டு வந்துடறேன்” என்று எழுந்தாள்.

“அம்மாடி, நான் கண்ணத் தொறந்து பாத்துதான் சொன்னேன்.”

“எத்தினி தடவ?”

“பத்து தடவயும்.”

ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். “காப்பியடிச்சது அப்பன், ஃபெயிலானது பொண்ணா? நல்லா இருக்குதுய்யா உங்க பரீட்சை!”

செல்வி சிரிக்கவில்லை. கடிதத்தைப் பையில் வைத்தாள். தபாலாபீஸ் போகவில்லை. திங்கட்கிழமை வேலூர் பஸ் ஏறுமுன், நோட்டைத் திறந்து காட்டினாள். ‘நார்மல்’ என்பதை அடித்து, கீழே எழுதியிருந்தாள்: “நோயாளியின் கண்கள் மூடப்படவில்லை. பரிசோதனை செல்லாது.”

சர்க்கரை உள்ளவர்களே, தினமும் காலையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சோதிப்பவரிடம் பொய் சொல்லாதீர்கள். அதைச் சுமப்பது நீங்கள் மட்டுமல்ல.

நூற்றுப் பதின்மூன்றாவது பௌர்ணமி எனக்கு வரவில்லை. புண் ஆறியபின், ஆடி மாதம் செல்வி வந்தாள். அவளே என் கண்ணில் துண்டைக் கட்டினாள். காத்திருந்தேன். நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது.

“எப்பம்மா ஆரம்பிப்ப?”

“ஏழு எடம் முடிச்சிட்டேம்பா.”