நரிக்கு ஏன் நக்க என்று பெயர்

எங்கள் அக்கா அஞ்செட்டி மலைப் பக்கம் நாட்றாம்பாளையத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டே அக்கா பன்னிரண்டாவது வரை படித்தார். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன். போர்வெல் வண்டி, லாரி, ரோஜாத் தோட்டம் என்று எங்கெங்கோ வேலை பார்த்தேன். கை காலியானால் பாகலூருக்கு வருவேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. மாமா இறந்த பிறகு அக்கா அங்கே, கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காகத் தகரக் கூரை அறையில் பால்வாடி நடத்தி வந்தார்.

அங்கே தெலுங்கு வீட்டுச் சிறுமி ஒருத்தி சேர்ந்து பல மாதமாகியும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலை அவள் அம்மா வந்து, "அக்கா, இவளுக்கு இங்க பேச்சே வர்ல. நாளையிலிருந்து இங்கிலீஷ் நர்சரிக்கு அனுப்பறோம்" என்றார்.

"இன்னிக்கி ஒரு நாள் இருக்கட்டும்மா" என்றார் அக்கா.

நான் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா நரிப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அந்தச் சிறுமி மெல்ல, "நக்க" என்றாள். தெலுங்கில் நரிக்கு அதுதான் பெயர்.

"அய்யே, நக்கறதாம்!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. இனி இவள் பேசமாட்டாள் என்று நினைத்தேன். அக்கா பையனை அதட்டவில்லை. நரி என்று திருத்தவும் இல்லை. தரையில் உட்கார்ந்து அவனையே கேட்டார்.

"ஆமா, நக்கன்னு ஏன்டா பேரு வெச்சிருப்பாங்க?"

அவன் யோசித்தான். "அது தேன் குடிச்சிருக்கும்க்கா. மூக்குல ஒட்டிக்கினு இருக்கும். அத நக்கிக்கினே இருக்கும்."

"தேன் ஏது?"

"கரடிகிட்ட திருடுச்சி!" என்றான் இன்னொருவன்.

"கரடி சும்மாவா உட்டுச்சு?"

எல்லாரும் அந்தச் சிறுமியைப் பார்த்தார்கள். நக்க அவளுடையதல்லவா. அவள் எழுந்து, கையை ஆட்டி ஆட்டித் தெலுங்கில் கரடிச் சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. சாயங்காலம் அவள் அம்மா வந்தபோது மறுபடி ஆரம்பித்தாள். அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். இருட்டவே கதை முடியுமுன் கூட்டிக்கொண்டு போனார். நர்சரிப் பேச்சு அதோடு போயிற்று. அக்காவுக்கு "நக்கக்கா" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"திருத்தாம உட்டா தப்பாத்தானே படிக்கும்?" என்று கேட்டேன்.

"சரி, நரிக்கு நரின்னு ஏன் பேரு? சொல்லு."

அத்தனை ஊர் சுற்றியும் யாரையும் கேட்கத் தோன்றியதில்லை.

பல வருடம் கழித்து, கடைசியாக அக்கா சிறுநீரகக் கோளாறால் ஓசூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அந்தச் சிறுமி கம்பெனிச் சீருடையில் வந்தாள். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது.

"கரடி கடைசில என்னா ஆச்சுடி?" என்றார் அக்கா.

"அன்னிக்கே எங்கம்மா பாதில கூட்டினு பூட்டாங்களே, நக்கக்கா. இனிமேதான் யோசிக்கணும்."

"யோசிச்சி நாளைக்கி வந்து சொல்லு."

மறுநாள் அவள் வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பால்வாடித் தாய்மார்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பால் ஊற்றிய அன்று, அந்தத் தெலுங்குப் பெண் குழிமேட்டருகே குனிந்து தெலுங்கில் வெகுநேரம் பேசினாள். அதிலும் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவளிடம் கேட்காமல் இந்தமுறை நான் ஊரைவிட்டுக் கிளம்புவதாக இல்லை.